அடுப்பைவிட்டு இறங்காத யெமெல்யாவுக்கு இளவரசியா? ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளும் நீதியும்

பிப்ரவரி 4 (வாசகர் ஒருவரின் கேள்வி)

என் மகளுக்கு ஆறு வயது. பழைய ரஷ்ய நாடோடிக் கதைத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. தினமும் தூங்கும் முன் ஒரு கதை படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான். யெமெல்யா என்றொரு சோம்பேறி அடுப்பைவிட்டு இறங்காமலே இளவரசியைக் கட்டிக்கொள்கிறான். நரி திருடிக்கொண்டே இருக்கிறது, மாட்டுவதே இல்லை. ஒரு பெண் மண்டையோட்டை வீட்டுக்குக் கொண்டுவர, அது அவளுடைய சித்தியை எரித்துவிடுகிறது. இதில் குழந்தைக்கு என்ன நீதி? நம் கதைகளில் கடைசியில் ஒரு வரியாவது நீதி இருக்கும். இவை குழந்தைகளுக்கான கதைகளே அல்ல என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 4, இரவு

கடைசி வரி பெரும்பாலும் சரி. பெரும்பாலான கதைகள் குழந்தைகளுக்கென்று பிறந்தவை அல்ல. நீண்ட குளிர்கால இரவுகளில் ஆளி நார் நூற்றுக்கொண்டே பெண்கள் சொன்னவை, ஊர் திரும்பிய சிப்பாய்கள் சொன்னவை. இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதி அலெக்சாந்தர் அஃபனாஸ்யெவ் 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட தொகுப்பிலிருந்து வருகிறது. கிட்டத்தட்ட 600 கதைகள். அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டவை மிகக் குறைவு. ரஷ்யப் புவியியல் சங்கத்தின் ஆவணங்களிலிருந்தும், அகராதி தொகுத்த விளாதிமிர் தால் தூக்கிக் கொடுத்த பெரிய குவியலிலிருந்தும்தான் அவருக்குப் பெரும்பாலான கதைகள் கிடைத்தன. குழந்தைகளுக்கென்று தனியாகப் பொறுக்கி எடுத்து அவர் ஒரு நூல் போட்டது 1870இல்தான். அதற்கு அடுத்த ஆண்டு வறுமையில் இறந்தார்.

நீதி இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைசி வரியில் தேடினால் கிடைக்காது. கதையின் நடுவில், வழியில் எதிர்ப்படுகிறவருக்குச் சோறோ தண்ணீரோ கொடுக்கிற இடத்தில் தேடுங்கள். யார் கொடுத்தார், யார் மறுத்தார், யார் மறந்தார் என்பதை இந்தக் கதைகள் கறாராகக் கணக்கு வைத்திருக்கும். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

முதலில் யெமெல்யா.

அவன் படுத்திருப்பது நம் வீட்டு அடுப்பு மாதிரியான ஒன்றில் அல்ல. ரஷ்யக் குடியானவர் வீட்டு அடுப்பு செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டியது, வீட்டில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை எரித்தால் மணிக்கணக்காகச் சூடு தாங்கும். அதன் மேல்தளத்தில்தான் கிழவர்களும் குழந்தைகளும் படுப்பார்கள். கொடும் பனிக்காலத்தில் வீட்டிலேயே சுகமான இடம் அது. அங்கிருந்து அவனை இறக்கித் தண்ணீருக்கு அனுப்ப அண்ணிமார் படாதபாடு படுகிறார்கள். அண்ணன்மார் சிவப்புக் கோட்டு, சிவப்புத் தொப்பி, சிவப்புப் பூட்ஸ் வாங்கித் தருவார்கள் என்று ஆசை காட்டிய பிறகே இறங்குகிறான்.

பனிக்கட்டியில் வெட்டிய துளையில் அவன் கையில் பைக் என்ற பெரிய நன்னீர் மீன் ஒன்று மாட்டுகிறது. விட்டுவிடு, உனக்கு உதவுவேன் என்கிறது. "மீனின் ஆணைப்படி, என் விருப்பப்படி" என்று சொன்னால் போதும், வாளிகள் தாமாகவே வீட்டுக்கு நடக்கும், கோடரி தானாக விறகு வெட்டும், குதிரை இல்லாமலே சறுக்குவண்டி ஓடும்.

இந்தக் கதையைச் சொன்னவர்களையும் கேட்டவர்களையும் நினைத்துப் பாருங்கள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல். அஃபனாஸ்யெவின் பகுதிகள் ஒவ்வொன்றாக அச்சேறிக்கொண்டிருந்த காலம் அது. 1797இல் பேரரசர் முதலாம் பாவெல் வெளியிட்ட பிரகடனம், குடியானவன் வாரத்தில் மூன்று நாள் நிலப்பிரபுவுக்கு உழைப்பதை அளவாகச் சொன்னது. பல பண்ணைகளில் அந்த அளவைக்கூட யாரும் மதிக்கவில்லை. அப்படி வேலை வாங்கப்பட்டவர்கள் இரவில் உட்கார்ந்து, தானாக நடக்கிற வாளியைக் கற்பனை செய்து சிரித்திருக்கிறார்கள். அதைச் சோம்பலுக்கான உபதேசம் என்று என்னால் படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

யெமெல்யாவை முழு நல்லவனாக்கவும் எனக்கு விருப்பமில்லை. மீனை அவன் இரக்கத்தால் விடவில்லை. சூப்பு வைக்கத்தான் நினைத்தான், வாளி நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே விட்டான். அவனுடைய சறுக்குவண்டி ஊருக்குள் போகும்போது ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. கதை அதற்காக வருத்தப்படுவதே இல்லை. குழந்தைகளுக்குச் சொல்லும்போது நான் அந்த இடத்தில் நிறுத்தி, "அடிபட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?" என்று கேட்பேன். ரொம்ப நேரம் பேசுவார்கள்.

பிப்ரவரி 7

என் கட்சிக்கு நான் எப்போதும் முதலில் எடுக்கும் கதை, காட்டில் வாழும் சூனியக்கிழவி பாபா யாகாவுடையது. இந்தப் பெயரில் பல கதைகள் உண்டு. நான் சொல்வது, சித்தி ஒரு சிறுமியை ஊசியும் நூலும் வாங்கி வரச்சொல்லித் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பும் கதை. அந்த அக்காள்தான் பாபா யாகா. சிறுமி நேரே அங்கே போகாமல் முதலில் தன் சொந்தப் பெரியம்மாவிடம் போகிறாள். அவள் விவரம் சொல்லி அனுப்புகிறாள்: அங்கே பிர்ச் மரம் உன் கண்ணில் அடிக்க வரும், ரிப்பன் கட்டிவிடு. கதவு கிறீச்சிட்டு மூடப் பார்க்கும், கீலுக்கு எண்ணெய் விடு. நாய்கள் குதற வரும், ரொட்டி போடு. பூனை கண்ணைப் பிறாண்ட வரும், இறைச்சித் துண்டு கொடு.

சிறுமி அப்படியே செய்கிறாள். வேலைக்காரப் பெண்ணுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்து, குளியலறைக்குத் தீ மூட்டுவதை மெதுவாகச் செய்யச்சொல்கிறாள். பூனைக்கு இறைச்சி போடுகிறாள். பூனை அவளுக்குத் தப்பிக்கும் வழி சொல்லி, ஒரு துண்டும் சீப்பும் தருகிறது. அவள் ஓடிவிடுகிறாள்.

அப்புறம்தான் கதையின் உயிரான இடம். பாபா யாகா வந்து எல்லாரையும் அடிக்கிறாள். ஏன் அவள் கண்ணைப் பிறாண்டவில்லை என்று பூனையைக் கேட்கிறாள். "இத்தனை காலம் உனக்கு உழைத்தேன், ஒரு எலும்புகூட நீ போட்டதில்லை. அவள் இறைச்சி தந்தாள்." நாய்கள்: "கருகிய ரொட்டி ஓரத்தைக்கூட நீ போட்டதில்லை, அவள் ரொட்டியே போட்டாள்." கதவு: "என் கீலுக்கு நீ தண்ணீர்கூட விட்டதில்லை, அவள் எண்ணெய் விட்டாள்." மரம்: "ஒரு நூல்கூட நீ கட்டியதில்லை, அவள் ரிப்பன் கட்டினாள்." வேலைக்காரி: "ஒரு கந்தலாவது தந்திருப்பாயா? அவள் கைக்குட்டை தந்தாள்."

எங்கள் பகுதி நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். கதவு பேசும் இடம் வந்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். உபதேச வரி எதுவும் அங்கே இல்லை. உழைத்தவர்கள் தங்கள் குறையைத் தாங்களே வாய் திறந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான். பண்ணையில் கசையடி வாங்கிய ஒரு குடியானவன் இந்த இடத்தை எப்படிக் கேட்டிருப்பான்!

பிப்ரவரி 8

"இது லஞ்சம்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, யோசித்துப் பார்த்தேன். சிறுமி தானாக இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை, பெரியம்மா சொல்லித்தந்ததைச் செய்கிறாள், காரியம் ஆகவேண்டும் என்றுதான் கொடுக்கிறாள். ஆனால் கதையின் பாரம் அவள் மனசுக்குள் என்ன இருந்தது என்பதில் இல்லை. வாங்கிய பூனை என்ன சொல்கிறது என்பதில் இருக்கிறது. நெடுநாள் உழைப்புக்கு ஒரு எலும்பும் தராதவளுக்கு விசுவாசம் பாக்கியில்லை என்று பூனை தீர்ப்புச் சொல்கிறது. லஞ்சம் வாங்கியவன் பேசுகிற பேச்சா அது? கூலி கிடைக்காதவனின் பேச்சு.

கொடுப்பதில் மட்டும் இல்லை, கொடுப்பதை வாங்கிக்கொள்வதிலும் இந்தக் கதைகளுக்கு அக்கறை உண்டு. வாத்து அன்னங்கள் தம்பியைத் தூக்கிப்போகும் கதையில் அக்காள் தேடி ஓடுகிறாள். வழியில் அடுப்பு தன் கம்பு ரொட்டியைத் தின்னச் சொல்கிறது. எங்கள் அப்பா வீட்டில் கோதுமை ரொட்டியையே தின்ன மாட்டோம் என்கிறாள். ஆப்பிள் மரத்தின் காட்டுப் பழத்துக்கும், பால் ஆற்றின் கஞ்சிக் கரைக்கும் இதே மாதிரி பதில். மூன்றும் அவளுக்கு வழி சொல்ல மறுக்கின்றன. தம்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது வாங்கித் தின்கிறாள். மூன்றும் அவளை மறைத்துவைக்கின்றன.

பிப்ரவரி 11

சாகாவரம் பெற்ற கஷ்சேய் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார்: "அவன் உயிர் முட்டைக்குள் இருக்கும், முட்டையை உடைத்தால் சாவான், எல்லாக் கதையிலும் இதுதான்." எல்லாக் கதையிலும் இல்லை. பல கதைகளில் அவன் சாவு ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஓக் மரத்தின் மேல். ஏழு கடல் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் அரக்கன் உயிர் இருக்கும் நம் கதைகளும் இதே குடும்பம்தான். ஆனால் மரியா மொரேவ்னா கதையில் முட்டையே கிடையாது. குதிரை உதைத்து, இளவரசன் இவான் தண்டத்தால் அடித்து, எரித்துச் சாம்பலைக் காற்றில் விடுகிறான்.

அந்தக் கதையை எடுத்ததே நல்லதாயிற்று. மரியா மொரேவ்னா போருக்குப் புறப்படும்போது கணவன் இவானிடம், இந்த ஒரு அறையை மட்டும் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் தலை மறைந்ததும் திறக்கிறான். உள்ளே பன்னிரண்டு சங்கிலிகளில் கஷ்சேய் தொங்குகிறான். பத்து வருஷமாகச் சோறு தண்ணீர் இல்லை, தொண்டை வறண்டுபோயிற்று என்று கெஞ்சுகிறான். இவான் வாளி தண்ணீர் கொடுக்கிறான். இன்னொன்று, இன்னொன்று. மூன்றாவது வாளியோடு பழைய பலம் வந்து, சங்கிலியை அறுத்து, மரியாவைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறான்.

இரக்கப்பட்டதால் வந்த கேடு என்றுதான் இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும். கதை அங்கே நிற்கவில்லை. இவான் தேடிப்போய் மனைவியை மீட்கிறான், கஷ்சேய் துரத்திப் பிடிக்கிறான், ஆனால் கொல்லவில்லை. நீ எனக்குத் தண்ணீர் தந்தாய், அதற்காக இந்த முறை மன்னிக்கிறேன், அடுத்த முறையும் மன்னிப்பேன், மூன்றாம் முறை துண்டு துண்டாக வெட்டுவேன் என்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், மூன்றாம் முறை வெட்டியும் விடுகிறான். (இவானை உயிர்ப்பிக்கப் பறவை மச்சான்கள் மூன்று பேர் வருகிறார்கள், அது தனிக்கதை.) ரஷ்யக் கதைகளின் கொடூரமான வில்லன் தண்ணீர்க் கடனைத் தவணை தவறாமல் அடைக்கிறான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கஷ்சேயே நினைக்கிறான் என்றால் மற்றவர்களுக்கு அங்கே தப்பிக்க வழி ஏது?

பிப்ரவரி 11, இரவு

இதே கதையில் இவான் ஒரு குதிரைக்காக பாபா யாகாவிடம் வேலைக்குச் சேர்கிறான். வேலை முடிந்ததும் கூலி வாங்கவில்லை, நள்ளிரவில் சொறிபிடித்த குதிரைக்குட்டியைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். கதை அவனைக் கண்டிக்கவே இல்லை. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. இருக்கிறபடியே சொல்கிறேன், பிள்ளைகள் எப்படியும் கேட்பார்கள்.

பிப்ரவரி 12

புள்ளிக்கோழி பொன்முட்டை இட்ட கதைக்கு என்ன நீதி என்று கேட்டால்: ஒன்றும் இல்லை. தாத்தா அடிக்கிறார், உடையவில்லை. பாட்டி அடிக்கிறாள், உடையவில்லை. சுண்டெலி வாலை ஆட்டுகிறது, விழுந்து உடைகிறது. இருவரும் அழுகிறார்கள். பழைய நாட்டுப்புற வடிவங்களில் அந்த அழுகை வீடு வீடாகத் தொற்றிக்கொண்டு போய்க் கோவில் ஆட்கள்வரை கலங்கவைக்கும், கேட்கிறவர் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டியது. இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டியது அந்தத் தாளம்தான். டர்னிப் கிழங்கைப் பிடுங்க ஒருவர் பின் ஒருவராக வந்து இழுக்கும் கதையும் அப்படி. வழக்கமாகக் கடைசியில் பூனையும் எலியும் வந்து இழுக்கும். அஃபனாஸ்யெவ் தொகுப்பில் உள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதி வடிவத்தில் பூனையும் எலியும் இல்லவே இல்லை. நாய்க்குட்டிக்குப் பின்னால் ஒரு கால் வந்து பிடித்து இழுக்கிறது, அப்புறம் இன்னொரு கால். ஐந்தாவது கால் வந்ததும் கிழங்கு வருகிறது! ஒற்றுமையே பலம் என்று அதன் அடியில் எழுதினால் அந்தக் கால்களை என்ன செய்வது?

பிப்ரவரி 15

மொரோஸ்கோ. எனக்குப் பிடிக்காத கதை, ஆனால் விடவும் முடிவதில்லை.

சித்தியின் பேச்சைக் கேட்டு அப்பனே மகளைப் பனிக்காட்டில் விட்டுவிட்டு வருகிறான். பனிக்கிழவன் மொரோஸ்கோ மரத்துக்கு மரம் தாவி வந்து கேட்கிறான்: "சூடாக இருக்கிறதா, பெண்ணே?" அவள் பல் கிட்டிக்க, "சூடாக இருக்கிறது, ஐயா" என்கிறாள். இன்னும் குளிரவைத்துக் கேட்கிறான். இன்னும் அதே பதில். கடைசியில் மனமிரங்கி, கம்பளியும் சீர்ப்பெட்டியும் தருகிறான். சித்தி தன் மகளையும் அனுப்புகிறாள். அவள் திட்டுகிறாள், உறைந்து சாகிறாள்.

உறைந்துபோகிற குழந்தை "சூடாக இருக்கிறது" என்று சொல்வதைப் பரிசுக்குரிய குணமாக என்னால் ஒரு சிறுமியிடம் சொல்ல முடியாது. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லப் பழக்க வேண்டிய வயதில் இருக்கிறார்கள். ஒரு பள்ளியில் கதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒவ்வொரு கதைக்கும் நீதி சொல்லியே ஆகவேண்டும் என்று விதி. இந்தக் கதையைச் சொன்ன பெண், "பொறுமையாக இருந்தால் பரிசு கிடைக்கும்" என்று முடித்தாள். அதற்கு முழு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த நீதிக்கு மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை. அவள் கதை சொன்ன அழகுக்குப் போட்டேன்.

பிப்ரவரி 16

மொரோஸ்கோவை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ரஷ்யக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் வாசலில் நின்று, பனியே வா, வந்து கஞ்சி குடி, எங்கள் ஓட்ஸ் பயிரை அடிக்காதே என்று பனியை விருந்துக்கு அழைக்கும் வழக்கம் இருந்தது. கொல்லக்கூடிய ஒன்றைத் திட்டாமல் மரியாதையாகக் கூப்பிடுவது. நம் ஊரில் அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதானே சொல்வோம்? அந்தப் பெண்ணும் வதைக்கிற ஒருவனிடம் பொய் சொல்லவில்லை, குளிர் என்ற தெய்வத்திடம் பேசும் முறை தெரிந்து பேசுகிறாள். கதையின் அடியில் அது இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் கேட்கிற குழந்தைக்கு அது தெரியாது. அதனால் சொல்லும்போது பனியை விருந்துக்குக் கூப்பிடும் வழக்கத்தை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கதைக்குள் போகிறேன்.

அந்த அப்பனை மட்டும் எந்த விளக்கத்தாலும் மன்னிக்க முடியாது.

பிப்ரவரி 20

நீதி வரியைக் கதையே சோதித்துப் பார்க்கும் இடம் ஒன்று. வேட்டைக்காரர்களுக்குப் பயந்து ஓடிவரும் ஓநாயைக் குடியானவன் சாக்குக்குள் ஒளித்துக் காப்பாற்றுகிறான். வெளியே வந்ததும் உன்னைத் தின்னப்போகிறேன் என்கிறது. "பழைய ரொட்டியும் உப்பும் மறந்துபோகும்" என்பது அதன் நியாயம். வழியில் கிழட்டுக் குதிரை, கிழட்டு நாய் இரண்டிடமும் கேட்கிறார்கள். உழைத்து ஓய்ந்ததும் எங்களைத் துரத்திவிட்டார்கள், ஓநாய் சொல்வதுதான் சரி என்கின்றன. நரி மட்டும், இவ்வளவு பெரிய ஓநாய் இந்தச் சாக்கில் எப்படி நுழையும், காட்டு பார்க்கலாம் என்கிறது. நுழைந்ததும் அடித்துக் கொல்கிறார்கள். கூண்டுப் புலியும் பிராமணனும் நரியும் வரும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள், இதே வகைதான்.

நம் கதை அங்கே முடிந்துவிடும். ரஷ்யக் கதையில் குடியானவன் திரும்பி, தன்னைக் காப்பாற்றிய நரியையும் ஒரே அடியில் கொன்றுவிட்டுச் சொல்கிறான்: "பழைய ரொட்டியும் உப்பும் மறந்துபோகும்." நூலகத்தில் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து கத்தினான், "அது அநியாயம்!" அதற்குமேல் ஒரு வரி நான் சேர்ப்பதில்லை.

பிப்ரவரி 21

நீதியைக் கண்டு பயந்தவர்களும் இருந்தார்கள். கவிஞர் புஷ்கின் 1834இல் எழுதிய தங்கச் சேவல் கதையில், வரம் தருவதாகச் சொன்ன மன்னன் சொல் தவறுகிறான், சேவல் அவன் உச்சியில் கொத்திக் கொல்கிறது. கடைசியில், கதை பொய்தான், ஆனால் அதில் இளைஞர்களுக்கு ஒரு பாடம் உண்டு என்று இரண்டு வரி வருகிறது. தணிக்கை அதிகாரி அந்த வரிகளை வெட்டினார். படுத்துக்கொண்டே ஆட்சி செய் என்று மன்னனிடம் சொல்லும் வரியும் போயிற்று. புஷ்கின் தன் நாட்குறிப்பில் இதைக் குறித்துவைத்திருக்கிறார். அஃபனாஸ்யெவுக்கும் இதே கதிதான். 1859இல் அவர் வெளியிட்ட நாட்டுப்புறச் சமயக் கதைத் தொகுப்பைத் தடை செய்தார்கள்.

பிப்ரவரி 27

மண்டையோட்டுக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கதையின் பெண் வசிலிஸா. அவள் அம்மா சாகும்போது ஒரு பொம்மையைக் கொடுத்து, கஷ்டம் வந்தால் இதற்குச் சாப்பாடு கொடு, பிறகு யோசனை கேள் என்கிறாள். கவனியுங்கள், முதலில் சாப்பாடு. வசிலிஸா தான் தின்னாமல் நல்ல கவளமாக எடுத்துவைத்து இரவில் பொம்மைக்கு ஊட்டுகிறாள். பாபா யாகா வீட்டில் அவள் உயிர் பிழைப்பது அதனால்தான். இன்னொன்று: யாகா கேள்வி கேட்க அனுமதி தரும்போது, வழியில் பார்த்த வெள்ளை, சிவப்பு, கறுப்புக் குதிரைவீரர்களைப் பற்றி மட்டும் கேட்கிறாள். வீட்டுக்குள் தானியம் அரைத்த மூன்று ஜோடிக் கைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக் குப்பையை வெளியே கொண்டுபோவது எனக்குப் பிடிக்காது, அளவுக்கு மிஞ்சிக் கேட்பவர்களைத் தின்றுவிடுவேன் என்று யாகாவே சொல்கிறாள். ஆபத்தான வீட்டில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பது பெரியவர்களுக்கே கைவராத வித்தை.

சித்தியை அவள் எரிக்கவில்லை. யாகாவிடம் நெருப்பு வாங்கிவா என்று அனுப்பியது சித்தி வீட்டார்தான். யாகா தந்த நெருப்புதான் கண்கள் எரியும் அந்த மண்டையோடு. வழியில் மண்டையோட்டை எறிந்துவிடத்தான் பார்க்கிறாள், எறியாதே, சித்தியிடம் கொண்டுபோ என்று அதுவே சொல்கிறது. அதன் கண்கள் விடியும்வரை அவர்களை விடாமல் பார்த்து எரிக்கின்றன. காலையில் அவள் அதை மண்ணில் புதைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் போகிறாள்.

உங்கள் மகளுக்கு ஆறு வயது என்றீர்கள். பூனையும் கதவும் பேசும் பாபா யாகா கதை, வாத்து அன்னங்கள், கோடரிக் கஞ்சி (கோடரியில் கஞ்சி காய்ச்சுவதாகச் சொல்லிக் கிழவியை ஏமாற்றும் சிப்பாயின் கதை) மூன்றையும் இப்போதே சொல்லலாம். மரியா மொரேவ்னா எட்டு வயதுக்கு மேல். வசிலிஸாவைப் பகலில் சொல்லுங்கள், முடிந்ததும் அவளைக் கொஞ்ச நேரம் பேசவிடுங்கள். மொரோஸ்கோவை நான் பத்து வயதுக்குக் கீழே சொல்வதில்லை.